பிறர் சுமந்த சிலுவை

ஒரே புத்தகத்தை இரண்டு நண்பர்களுக்கு இரவல் கொடுத்தேன். இரவல் போன புத்தகம் திரும்பி வருவதே அபூர்வம். இது இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஆனால் இரண்டு முறையும் ஒரு மனக்குறையோடு வந்தது.

முதலில் வாங்கிப் போனவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மழையானாலும் வெயிலானாலும் போகிறவர். வேதாகமத்தில் எந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா அந்த ஆளு கடைசி வரைக்கும் மனந்திரும்பவே இல்லையே! இவ்வளவு எழுதினவர் கடைசிப் பக்கத்திலே இன்னும் ஒரு வரி எழுதியிருக்கப்படாதா?" என்றார்.

அடுத்தவர் பகுத்தறிவுக் கொள்கையில் ஊறியவர். கோயில், சர்ச், மசூதி மூன்றையும் பாரபட்சமில்லாமல் ஒதுக்குகிறவர். அவருடைய குறை வேறு மாதிரி இருந்தது. "நம்பிக்கை இல்லை என்று நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அந்த மனிதன் எதற்காகச் சாகிறவரைக்கும் அந்தச் சிலுவையையே சுற்றிச் சுற்றி வரவேண்டும்? துணிந்து உதறிவிட்டான் என்று ஒரு வரி எழுதினால் என்ன?"

யோசித்துப் பார்த்தால் இரண்டு குறையும் ஒன்றுதான். இருவரும் இன்னும் ஒரு வரி வேண்டும் என்கிறார்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதில்தான் அந்த ஆசிரியரின் பெருமை இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புத்தகம், ஸ்வீடன் தேசத்து ஆசிரியர் பேர் லாகர்க்விஸ்ட் எழுதிய 'பரபாஸ்'. 1950-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் இதை க. நா. சுப்ரமண்யம் 'அன்பு வழி' என்ற பெயரில் மொழிபெயர்த்தார். ஒரே இரவில் படித்துவிடக்கூடிய சிறிய நாவல். ஆனால் படித்து முடித்த பிறகு பல இரவுகள் கூடவே வரும்.

பரபாஸ் யார் என்று கிறிஸ்தவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ்கா பண்டிகையின்போது ஒரு கைதியை விடுதலை செய்வது வழக்கம் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. பிலாத்து என்ற ரோம அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, யாரை விடட்டும் என்று கேட்கிறான். கூட்டம் பரபாஸை விடச் சொல்கிறது. இயேசு சிலுவைக்குப் போகிறார். பரபாஸ் கலகக்காரன், கொலையில் சம்பந்தப்பட்டவன் என்கிறார் மாற்கு. கள்ளன் என்கிறார் யோவான். அவனுடைய பெயருக்கு அரமேய மொழியில் 'தகப்பனின் மகன்' என்று பொருள். மத்தேயுவின் சில பழைய ஏட்டுப் பிரதிகளில் அவன் பெயரே 'இயேசு பரபாஸ்' என்று காணப்படுகிறது. பெயரிலேயே ஒருவன் நிழல் இன்னொருவன்மேல் விழுந்திருக்கிறது! விடுதலையானவன் எங்கே போனான், எப்படிப் பிழைத்தான் என்பதைப் பற்றிச் சுவிசேஷங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறு என்ன வேண்டும்?

'அவர் எனக்காக மரித்தார்' என்று கிறிஸ்தவர்கள் சொல்வது வழக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் கூழாங்கல்லைப் போல வழவழப்பாகிவிட்டது. ஆனால் பரபாஸுக்கு அது உபதேசம் அல்ல, அரசாங்க உத்தரவு. அவன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருவன் பெயரை எழுதினார்கள். அவ்வளவுதான். உலகத்தில் அந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து உண்மையாகச் சொல்லக்கூடிய மனிதன் அவன் ஒருவனே. அவனால்தான் அதை நம்ப முடியவில்லை. இந்த முரணைக் கண்டுபிடித்த மாத்திரத்தில் லாகர்க்விஸ்டுக்கு நாவல் கிடைத்துவிட்டது.

நாவல் கொல்கொதாவில் தொடங்குகிறது. விடுதலையான பரபாஸ் வீட்டுக்குப் போகவில்லை. தன் இடத்தில் சாகிறவனைப் பார்க்க மலைக்கு வந்து, ஒரு புதரின் மறைவில் நிற்கிறான். பிலாத்துவின் முற்றத்தில் முதன்முதலாக அந்த மனிதனைக் கண்டபோது அவனைச் சுற்றி ஒரு ஒளி இருந்ததாகத் தோன்றியது. ஆனால் பரபாஸ் அப்போதுதான் இருட்டறையிலிருந்து வெளியே வந்தவன். வெளிச்சம் பழகாத கண் கூசியிருக்கலாம். மலையின்மேல் இருள் கவிந்ததே, அதுகூட அப்படித்தானோ? ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு சமாதானம் இருக்கிறது. சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான்: இறந்தவனுடைய தாய் திரும்பிப் போகும்போது அவனைப் பார்த்த பார்வை.

அதன் பிறகு பரபாஸின் அன்றாட வாழ்க்கை தொடங்குகிறது. நாவலின் உண்மையான விஷயம் இதுதான். ஜெருசலேமில் தனக்குப் பழக்கமான ஒரு பருத்த பெண்ணின் வீட்டில் கிடக்கிறான், குடிக்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான். ஆனால் எதிலும் ஒட்டவில்லை. குயவர் தெருவில் அந்தப் புதிய கூட்டத்தார் பேசுகிற பேச்சை ஓரத்தில் நின்று கேட்கிறான். சிவந்த தாடிக்காரனான ஒரு கலிலேய நாட்டவனிடம் பேச்சுக் கொடுக்கிறான். அந்த மனிதன் தன் குருவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்ட வேதனையில் உழல்கிறான். ஆசிரியர் பெயர் சொல்லாவிட்டாலும் பேதுரு என்று நமக்குத் தெரிகிறது. குருவை மறுத்தவனும் குருவின் உயிருக்கு ஈடாகப் பிழைத்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவனுக்கு மற்றவன் யாரென்று தெரியாது. தெரிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பெரிய நாடகக் காட்சிகள் எழுதத் தெரிந்தவர்கள் பலர் உண்டு; இப்படித் தெருவோரத்தில் வைத்து எழுதத் தெரிந்தவர்கள் சிலரே.

இன்னொரு காட்சி, லாசருவின் வீடு. செத்துப் பிழைத்தவன் என்று ஊரெல்லாம் பேசப்படுகிறவன் அவன். பரபாஸ் அவனைப் பார்க்கப் போகிறான். வெறுமையான வீடு. லாசரு ரொட்டியைப் பிட்டுப் பாதியைக் கொடுக்கிறான். இரண்டு பேரும் உப்புத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். மரணத்தின் நாட்டில் என்ன இருந்தது என்று பரபாஸ் கேட்கிறான். ஒன்றும் இல்லை என்று வருகிறது பதில். ஆனால் அங்கே போய் வந்தவனுக்கு இங்கேயும் ஒன்றும் இல்லையாம். ஊரார் அற்புதம் என்று கொண்டாடுகிறார்கள். அற்புதத்துக்கு ஆளானவனோ பிணம் பட்ட விரலால் ரொட்டி பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பிடி ரொட்டி தொண்டையில் இறங்காமல் பரபாஸ் தவிப்பதை நாமும் உணர்கிறோம். உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. செத்துப் பிழைத்தவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று யோசித்தவர் இவர்.

இந்த நாவலில் நான் மிகவும் மதிக்கும் பாத்திரம் உதடு பிளந்த அந்தப் பெண். அவளுக்கு ஆசிரியர் பெயர்கூட வைக்கவில்லை. முன்பு பரபாஸ் அவளைக் கெடுத்துக் கைவிட்டவன். அவள் பெற்ற குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அதை அவள் அவனிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டுவதில்லை. அவர் என்னதான் போதித்தார் என்று பரபாஸ் கேட்கும்போது, ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டும் என்பதுதான் என்கிறாள். இவ்வளவுதானா என்பது போல அவன் பார்க்கிறான். விடியற்காலையில் இருவரும் கல்லறைக்குப் போகிறார்கள். அவளுக்குத் தேவதூதன் தெரிகிறான். அவனுக்குத் திறந்து கிடக்கும் வெறுங்குழி தெரிகிறது. ஒரே இடம், ஒரே விடியல், இரண்டு ஜோடிக் கண்கள்!

அவள் மூக்கால் பேசுகிறவள். விசுவாசிகளின் கூட்டத்தில் எழுந்து அவள் சாட்சி சொல்லும்போது விசுவாசிகளே சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த ஓரிடம் போதும், லாகர்க்விஸ்ட் எந்தப் பக்கத்துக்கும் வக்கீல் அல்ல என்று காட்ட. அன்பைப் போதிக்கும் கூட்டத்தின் அன்பு, அழகில்லாத ஒரு குரலைக் கேட்டதும் நெளிகிறது. நம் பஜனை மடங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் இது நடக்காததா? கடைசியில் அவளைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். முதல் கல்லை எறிந்தவனைப் பரபாஸ் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கத்தியால் குத்திவிடுகிறான். இரவில் அவள் உடலைத் தோளில் சுமந்துபோய், அந்தக் குழந்தை புதைந்திருக்கும் இடத்தின் பக்கத்தில் அடக்கம் செய்கிறான். அன்பு அவனுக்குள் ஒரே ஒருமுறை எழுகிறது. எழும்போதும் கத்தியாகத்தான் எழுகிறது. அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. அவளைச் சுமந்துகொண்டு நடக்கிறானே, அந்த நடைதான் அவன் சுமந்த முதல் சிலுவை என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்கு அது தெரியாது. ஆசிரியரும் சொல்வதில்லை.

நாவலின் உச்சம் இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறது. பரபாஸ் சைப்ரஸ் தீவில் செப்புச் சுரங்கத்தில் அடிமையாகக் கிடக்கிறான். அடிமைகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள். அவனோடு பிணைக்கப்பட்டவன் சஹாக் என்ற ஆர்மீனியன். உண்பதும் உறங்குவதும் மலஜலம் கழிப்பதும் ஒரே சங்கிலியில். தாம்பத்தியம்கூட இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது! அடிமைகளின் கழுத்தில் ஒரு உலோக வில்லை தொங்கும். அதில் ரோம அரசின் முத்திரை இருக்கும். இவன் அரசுக்குச் சொந்தம் என்பதற்கு அடையாளம். சஹாக் தன் வில்லையின் பின்புறத்தில் இரகசியமாக இயேசுவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். நான் அவருக்குச் சொந்தம் என்கிறான். பரபாஸும் தன் வில்லையில் அந்தப் பெயரைப் பொறித்துக்கொள்கிறான்.

விஷயம் வெளிப்பட்டு இருவரும் ரோம அதிகாரியின் முன் நிறுத்தப்படுகிறார்கள். பெயரை மறுத்துவிட்டால் விட்டுவிடுவதாக அதிகாரி சொல்கிறான். அவன் கொடூரன் அல்ல. நாகரிகமானவன்; காரியஸ்தன். சஹாக் மறுக்க முடியாது என்கிறான். பரபாஸ், தனக்குத் தெய்வம் எதுவும் இல்லை என்கிறான். அப்படியானால் இந்தப் பெயரை ஏன் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று கேள்வி வருகிறது. நம்ப ஆசையாக இருக்கிறது, அதனால்தான் என்ற கருத்தில் பரபாஸ் பதில் சொல்கிறான். அதிகாரி கத்தியை எடுத்து அவனுடைய வில்லையில் இருக்கும் பெயரைக் குறுக்கே கீறி அடித்துவிடுகிறான். சஹாக்கைச் சிலுவையில் அறைகிறார்கள். அன்று கொல்கொதாவில் நின்றது போலவே பரபாஸ் மீண்டும் ஒரு புதரின் பின்னால் நின்று பார்க்கிறான். மீண்டும் ஒருவன் சாக, மீண்டும் அவன் பிழைக்கிறான்.

அடிக்கப்பட்ட அந்தப் பெயரை வாசகர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தால் அந்த வரி போய்விடுவதில்லை. கீழே எழுத்து இருக்கிறது. மேலே கோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பக்கம். பரபாஸ் அந்த வில்லையை அதற்குப் பிறகு ரோமாபுரி வரைக்கும் கழுத்தில் சுமக்கிறான். நம்பினவன் என்றும் சொல்ல முடியாது. நம்பாதவன் என்றும் சொல்ல முடியாது. பெயர் அடிக்கப்பட்டவன், ஆனால் பெயரைச் சுமப்பவன். என் இரண்டு நண்பர்களும் கேட்ட அந்த ஒரு வரியை ஆசிரியர் ஏன் எழுதவில்லை என்பதற்கு இந்த வில்லையே பதில். ஒருவர் மேலே இருக்கும் கோட்டை அழிக்கச் சொல்கிறார். மற்றவர் கீழே இருக்கும் எழுத்தை அழிக்கச் சொல்கிறார். எதை அழித்தாலும் பரபாஸ் போய்விடுவான். வேறு யாரோ ஒருவன்தான் மிஞ்சுவான்.

இப்படி எழுதுவதற்கு லாகர்க்விஸ்டுக்கு வாழ்க்கையே பயிற்சி கொடுத்திருக்கிறது. 1891-ல் ஸ்வீடனில் வெக்‌ஷோ என்ற சிறிய ஊரில், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பக்தி நிறைந்த வீடு. இளமையில் அந்தப் பக்தி அவரைவிட்டுப் போய்விட்டது. அதற்கான ஏக்கம் போகவில்லை. 'அப்பாவும் நானும்' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார், 1924-ல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு சிறுவன் தகப்பனாருடன் ரயில் பாதையோரமாகக் காட்டுக்கு உலாவப் போகிறான். திரும்பும்போது இருட்டிவிடுகிறது. சிறுவனுக்குப் பயம். தகப்பனாருக்குப் பயம் இல்லை. கடவுள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். திடீரென்று விளக்கே இல்லாத ஒரு கரிய ரயில் அவர்களைக் கடந்து பாய்கிறது. ஓட்டுநர் முகம் தகப்பனாருக்கே தெரியாத முகம். அப்பாவுக்குத் தெரியாத அந்த ரயில் தனக்காகவே வந்தது என்று சிறுவன் புரிந்துகொள்கிறான். அவ்வளவுதான் கதை. அப்பாவின் விசுவாசத்தை அவன் பழிக்கவில்லை. அதற்குள் தனக்கு இடமில்லை என்று மட்டும் உணர்கிறான். வீட்டில் பூஜை அறை இருந்தும் அதற்குள் போனால் ஒன்றும் தோன்றாமல் நிற்கிற இளைஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதை அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றாது.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் அது விமர்சனம் ஆகாது. 'பரபாஸி'ல் எனக்குக் குறையாகத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். பரபாஸின் கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. அதை உண்டாக்கிய கொள்ளைக்காரனைப் பரபாஸ் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றிருக்கிறான். அவன்தான் பரபாஸின் சொந்தத் தகப்பன் என்றும், இருவருக்குமே அது தெரியாது என்றும் ஆசிரியர் சொல்கிறார். 'தகப்பனின் மகன்' என்ற பெயருக்குப் பொருள் காட்ட வேண்டும் என்ற ஆசையில் செய்திருக்கிறார். ஆனால் பரபாஸின் தனிமைக்கு இவ்வளவு கனமான காரணம் தேவையில்லை. காரணம் சொல்லாமல் விட்ட இடங்களே அவனை நமக்கு நெருக்கமாக்குகின்றன. அதைப் போலவே ரோமாபுரிப் பகுதி சற்று அவசரமாக ஓடுகிறது. கி.பி. 64-ல் ரோம் நகரம் எரிந்ததும், நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் பழி போட்டுக் கொன்றதும் சரித்திரம். நாவலில், தீ வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்ற வதந்தியைக் கேட்ட பரபாஸ், ரட்சகர் உலகத்தை எரிக்க வந்துவிட்டார் என்று நம்பி, தானும் கொள்ளிக்கட்டையை எடுத்துத் தீ வைக்கிறான். வாழ்நாளில் ஒரே முறை நம்பிச் செய்த காரியம். அதுவும் தவறான காரியம். கருத்து அபாரம். ஆனால் சுரங்கத்திலும் லாசருவின் வீட்டிலும் நம்மைப் பிடித்து உட்கார வைத்த நிதானம் இங்கே இல்லை.

முடிவில் அந்த நிதானம் திரும்பி வருகிறது. சிறையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் அவன் யார் என்று அறிந்ததும் விலகிப்போகிறார்கள். வயது முதிர்ந்த பேதுரு ஒருவர்தான், இவன் துயரப்பட்டவன், இவனைத் தீர்ப்பளிக்க நாம் யார் என்ற கருத்தில் பேசுகிறார். மற்றவர்களை இருவர் இருவராகப் பிணைத்துச் சிலுவைக்கு அழைத்துப்போகிறார்கள். பரபாஸுக்கு ஜோடி இல்லை. கடைசியில் தனியாக நடக்கிறான். சாகும்போது இருட்டைப் பார்த்துப் பேசுவது போலத் தன் ஆத்மாவை ஒப்படைக்கிறான். இருட்டிடம் ஒப்படைத்தானா, இருட்டுக்கு அப்பால் இருப்பவரிடம் ஒப்படைத்தானா? ஆசிரியர் வாய் திறப்பதில்லை.

நம் தொடர்கதைகளில் கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கும்? கோயில் மணி ஒலிக்கும். கதாநாயகன் கண்களில் நீர் மல்கும். அவன் மனம் தெளிந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் அந்த மணியை அடித்திருக்கிறேன், மறைப்பானேன்? வாசகர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் விசுவாசம் அப்படி அத்தியாயக் கணக்குப் பார்த்து வருவதில்லை. வந்தவர்களுக்கும் மறுநாள் காலையில் பால்காரன் வரும்போது அது அப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இங்கே இன்னொரு நாவலை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். கிரஹாம் கிரீன் 1940-ல் எழுதிய 'வல்லமையும் மகிமையும்'. மெக்ஸிகோவில் மதகுருமார்கள் வேட்டையாடப்பட்ட காலத்துக் கதை. குடிகாரப் பாதிரியார் ஒருவர், ஒரு மகளுக்குத் தகப்பன், பயந்தாங்கொள்ளி. அவருக்கு விசுவாசம் சிறிதும் குறையவில்லை. அதற்குத் தக்கபடி வாழத்தான் முடியவில்லை. ஆனாலும் பொறி என்று தெரிந்தே, சாகக் கிடக்கும் ஒரு குற்றவாளிக்காக எல்லையைத் தாண்டித் திரும்பி வந்து பிடிபடுகிறார். பாதிரியாருக்கு நம்பிக்கை இருக்கிறது, தகுதி இல்லை. பரபாஸுக்கு நம்பிக்கையும் இல்லை, தகுதியும் இல்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. கிரீனின் நாவலை மூடும்போது மனம் கனிந்திருக்கிறது. லாகர்க்விஸ்டின் நாவலை மூடும்போது மனம் கூசுகிறது. இரண்டும் பெரிய நாவல்களே. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், கூச வைப்பதைத்தான் கேட்பேன்.

'பரபாஸ்' 1961-ல் ஹாலிவுட்காரர்கள் கையிலும் அகப்பட்டது. ஆந்தனி க்வின் நடித்தார். அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. அந்த உண்மையான இருட்டிலேயே சிலுவைக் காட்சியைப் படமாக்கினார்கள். சாமர்த்தியமான காரியம்தான். ஆனால் நாவலில், அந்த இருட்டு வானத்தில் இருந்ததா, சிறையிலிருந்து வந்தவன் கண்ணில் இருந்ததா என்பதல்லவா கேள்வி? காமிரா வானத்து இருட்டை எல்லோருக்கும் பொதுவாகக் காட்டிவிட்டது, கேள்வி போய்விட்டது.

தமிழ்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. க. நா. சு.வின் மொழிபெயர்ப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அந்த வறண்ட, சுருக்கமான நடையைத் தமிழில் கொண்டுவர அவரைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் 'அன்பு வழி' என்ற பெயர், மூலம் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறதே என்று ஒரு காலத்தில் எனக்குக் குறை இருந்தது. அது பரபாஸின் வாயிலிருந்து வரக்கூடிய சொல் அல்ல. உதடு பிளந்த பெண்ணின் சொல். மறுபடி படித்தபோது குறை பாதி தீர்ந்தது. நாவலின் தலைப்பிலாவது அவளுக்கு இடம் கிடைத்ததே! கூட்டத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தக் குரலைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அட்டையில் ஏற்றி வைத்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக் குறை அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ பழைய காலத்துச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். சிலுவை இன்று கழுத்தில் தங்கமாகத் தொங்குகிறது. கோபுரத்தில் விளக்காக எரிகிறது. அன்று அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தூக்குமரம். ஸ்பார்ட்டகஸின் கலகம் அடங்கிய கி.மு. 71-ல், கபுவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரத்தில் சுமார் 6,000 அடிமைகளை வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். ரோமில் பாலட்டைன் குன்றில் ஒரு பழைய சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது. கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் ஒருவனை இன்னொருவன் வணங்குவது போல யாரோ கேலியாக வரைந்தது. அவ்வளவு அவமானமான பொருளை, தன்னைப் பின்பற்ற விரும்புகிறவன் சுமக்க வேண்டும் என்று இயேசு சொன்னதாக மூன்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. அவற்றில் லூக்கா மட்டும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்: 'அநுதினமும்'. மத்தேயுவிலும் மாற்குவிலும் அந்தச் சொல் இல்லை. ஒரு நாள் மலைமேல் நடந்த சம்பவத்தை அந்த ஒரு சொல் வீட்டுக்குள், அடுப்பங்கரைக்குள், ஆபீஸுக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

லாகர்க்விஸ்டும் அங்கேதான் வந்து சேர்ந்தார். 1956-ல் எழுதிய 'சிபில்' என்ற நாவலில் அஹஸ்வேரஸ் என்று ஒருவன் வருகிறான். அவன் பரபாஸைப் போலக் கொலைகாரன் அல்ல. இளம் மனைவியும் குழந்தையுமாக நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிறவன். மரண தண்டனை பெற்றவர்களை அவன் வீட்டு வழியாகத்தான் அழைத்துப்போவது வழக்கம். ஒரு நாள் சிலுவை சுமந்து வந்த ஒருவன் களைத்துப்போய் அவன் வீட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தான். அபசகுனம் என்று அஞ்சி, நகர்ந்து போ என்றான் வீட்டுக்காரன். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவன் மனநிம்மதி அன்றோடு போயிற்று.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரையும் கொன்றதில்லை. எனக்குப் பதிலாக யாரும் தூக்கில் தொங்கியதுமில்லை. ஆனால் என் சுவரில் யாரையும் சாய விட்டிருக்கிறேனா? நல்ல நாளும் கிழமையுமாக, வாசலில் கோலம் போட்டிருக்கும் நேரத்தில், கையேந்தி நிற்கிறவளிடம் அப்புறம் வா என்று சொல்லாத வீடு எது? நம்முடைய சௌக்கியத்தின் கீழே பிறர் சுமந்த பாரம் இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவளின் முதுகு, சாக்கடையில் இறங்குகிறவனின் நுரையீரல், மகன் படிப்புக்காகத் தன் தாலியை அடகு வைத்த தாய். அவர்கள் நமக்காகச் சுமக்கிறார்கள் என்பது நமக்கு உபதேசம் அல்ல, நிலவரம். பரபாஸைப் போல நாமும் புதரின் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறோம். அவனுக்கும் நமக்கும் ஒரே வித்தியாசம்: அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்தக் கருத்தையெல்லாம் ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் ஒரு மாலையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கட்சியை விட்டுக் கொடுக்கவில்லை. "விசுவாசம் இல்லாம சிலுவையைச் சுமந்து என்ன பிரயோஜனம், தம்பி?" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாமாகவே, "ஆனா ஒண்ணு. சிரேனே ஊரான் சீமோன்னு ஒருத்தன் இருக்கான். வயக்காட்டிலேருந்து தன் பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்தவன். அவனைப் பிடிச்சு வலுக்கட்டாயமாத்தான் சிலுவையைச் சுமக்க வச்சாங்க. அவன் நம்பினான்னு எழுதலை, நம்பலைன்னும் எழுதலை. அலெக்சந்தர், ரூப்புன்னு அவன் பிள்ளைங்க பேரை மட்டும் மாற்கு எழுதி வச்சிருக்கார்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "அந்தப் புஸ்தகத்தை இன்னொரு தடவை கொடுங்க, பார்ப்போம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை.